ஆளைத் தேடும் முன் ஊரைக் கேட்போம்



பஞ்சாயத்துத் தேர்தல் பேச்சு வந்தாலே குழுக் கூட்டங்களில் இரண்டு விதமான பதில் வருகிறது. "அரசியல் நமக்கு எதுக்கு? சேமிப்பு கட்டினோமா, கடன் வாங்கினோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருக்கணும்" என்பது ஒன்று. "நிக்கலாம்தான். ஆனா கட்சி வேணும், பணம் வேணும், நம்மகிட்ட என்ன இருக்கு?" என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு தூரத்து ஊர்க்காரர்கள் செய்து காட்டிய பதில் இருக்கிறது. அதைத்தான் இந்த இதழில் பகிர்ந்து கொள்கிறோம்.

சுயேச்சை என்றால் யார்?

எந்தக் கட்சியின் சீட்டும் சின்னமும் இல்லாமல் தேர்தலில் நிற்பவர் சுயேச்சை வேட்பாளர். சட்டப்படி யாரும் இப்படி நிற்கலாம். ஆனால் ஜெயிப்பது அபூர்வம். நம் நாட்டில் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 3,900-க்கும் மேற்பட்ட சுயேச்சைகள் நின்றார்கள். ஜெயித்தவர்கள் 7 பேர். காரணம் எளிது. கட்சி வேட்பாளருக்குப் பூத்துக்குப் பூத் ஆள் இருக்கிறது, செலவுக்குப் பணம் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த சின்னம் இருக்கிறது. தனியாக நிற்பவர் தனி ஆளாகவே நிற்கிறார்.

அப்படியானால் தனி ஆளுக்குப் பின்னால் ஊரே நின்றால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியா நாட்டில் இண்டை என்ற நாடாளுமன்றத் தொகுதியில் அதுதான் நடந்தது.

யாரும் கண்டுகொள்ளாத தொகுதி

இண்டை, விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள கிராமப்புறத் தொகுதி. வாங்கரட்டா, வொடோங்கா, பெனல்லா போன்ற சிறு நகரங்களும், மலையும், ஆட்டுப் பண்ணை மாட்டுப் பண்ணைகளும் உள்ள பகுதி. பல பத்தாண்டுகளாக அங்கே ஒரே பக்கத்துக் கட்சிகள்தான் ஜெயித்து வந்தன. 2001 முதல் லிபரல் கட்சியின் சோஃபி மிராபெல்லா எம்.பி.யாக இருந்தார்.

இப்படி எப்போதும் ஒரே பக்கம் ஜெயிக்கும் தொகுதியில் ஒரு சிக்கல் உண்டு. ஜெயிக்கிற கட்சி, "இவங்க ஓட்டு எப்படியும் நமக்குத்தான்" என்று இருந்துவிடும். தோற்கிற கட்சி, "இங்கே செலவு பண்ணி என்ன பிரயோஜனம்" என்று போய்விடும். கடைசியில் ரோடும் ரயிலும் போன் டவரும் வேறு தொகுதிக்குப் போகும். இண்டையிலும் பல இடங்களில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது, இன்டர்நெட் சரியில்லை, மெல்போர்ன் போகும் ரயில் நேரத்துக்கு ஓடாது. படித்த பிள்ளைகள் மெல்போர்னுக்குப் போனால் திரும்பி வந்து பிழைக்க வழியில்லை என்ற குறை இருந்தது.

2012-ஆம் ஆண்டில் வாங்கரட்டாவில் சுமார் 12 பேர் கூடிப் பேசினார்கள். 'இண்டையின் குரல்கள்' என்ற பொருளில் தங்கள் அமைப்புக்குப் பெயர் வைத்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள். வேட்பாளரை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் கூடவில்லை. "நம்ம தொகுதியைக் கட்சிக்காரங்க கவனிக்க வைக்கணும், அதுக்கு ஜனங்க அரசியல் பேசணும்" என்பதுதான் முதல் நோக்கம்.

சமையலறை மேசைப் பேச்சு

இங்கேதான் நம் குழுக்களுக்குப் பழக்கமான ஒரு முறை வருகிறது. அவர்கள் மேடை போட்டுக் கூட்டம் நடத்தவில்லை. 2013 தொடக்கத்தில் வீடு வீடாகச் சிறு கூட்டங்கள் நடத்தினார்கள். ஒருவர் தன் வீட்டுக்கு அக்கம்பக்கத்தினர், தெரிந்தவர்கள் என்று பத்துப் பேர் அளவில் கூப்பிடுவார். டீ, பலகாரம் இருக்கும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். அதனால் இதற்கு 'சமையலறை மேசைப் பேச்சு' என்று பெயர். நம்ம ஊர்க் கணக்கில் திண்ணைப் பேச்சு என்று வைத்துக் கொள்ளலாம். ஆனால் இதற்கு ஒழுங்கு உண்டு.

எல்லா வீட்டிலும் ஒரே மாதிரியான கேள்விகள் கேட்கப்பட்டன. நல்ல ஊர் என்றால் எப்படி இருக்க வேண்டும்? நம் ஊருக்கு எது குறை, எது பலம்? நல்ல மக்கள் பிரதிநிதி என்றால் எப்படி இருக்க வேண்டும்? ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும், சண்டை கூடாது. சொன்னதை எழுதி அமைப்புக்கு அனுப்ப வேண்டும். நம் குழுவில் தீர்மான நோட்டு எழுதுகிற மாதிரிதான்.

இப்படி 50-க்கும் மேற்பட்ட பேச்சுகள் நடந்தன. 400-க்கும் மேற்பட்டவர்கள் கலந்து கொண்டார்கள். எல்லாவற்றையும் தொகுத்து ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். "இண்டை ஜனங்களுக்கு இதுதான் வேணும்" என்று கையில் பிடித்துக் காட்ட ஒரு காகிதம் கிடைத்தது.

இந்த முறையை வளர்த்தெடுத்ததில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1998-இல் விக்டோரியா மகளிர் அறக்கட்டளை என்ற பெண்கள் அமைப்பு, மாநிலத்து மக்கள் பயமில்லாமல் அரசியல் பேசுவதற்காக இதே போன்ற சிறு குழுப் பேச்சுகளை நடத்தியது. இண்டைக்காரர்கள் கையாண்டது அந்த வழியைத்தான்.

ஆள் கடைசியில் வந்தார்

ஊரைக் கேட்ட பிறகுதான் ஆளைத் தேடினார்கள். கிடைத்தவர் கேத்தி மெக்கோவன். 13 பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவர், கிராமப்புற ஆலோசகராக வேலை பார்த்தவர், விவசாயப் பெண்களின் தேசிய அமைப்புக்குத் தலைவராக இருந்தவர். புதிதாக முளைத்த ஆள் இல்லை, தொகுதிக்குள் பலருக்கும் அறிமுகமானவர்.

பிரச்சாரத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் சம்பளம் இல்லாமல் உழைத்தார்கள். ஆரஞ்சு நிறச் சட்டையும் ஆரஞ்சு நிறப் பலகைகளுமாகத் தொகுதி முழுக்கத் தெரிந்தார்கள். ஊரை விட்டு மெல்போர்னுக்குப் போன இளைஞர்களும் திரும்பி வந்து வேலை செய்தார்கள். பணம் சிறு சிறு நன்கொடைகளாக வந்தது. எதிர் வேட்பாளரைத் தரக்குறைவாகப் பேசக் கூடாது என்பது தொண்டர்களுக்கு வைத்த கட்டுப்பாடு.

439 ஓட்டு

2013 செப்டம்பர் 7 அன்று தேர்தல். நாடு முழுவதும் மிராபெல்லாவின் கட்சிக் கூட்டணிக்கு நல்ல அலை. அவர்கள்தான் ஆட்சியையும் பிடித்தார்கள். ஆனால் இண்டையில் மட்டும் எண்ணிக்கை இழுத்துக் கொண்டே போனது. பத்து நாள் கழித்துத்தான் முடிவு தெளிவானது. கேத்தி மெக்கோவன் 439 ஓட்டில் ஜெயித்தார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அங்கே ஓட்டுச் சீட்டில் ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்துவதில்லை. எல்லா வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 என்று விருப்ப எண் போட வேண்டும். முதல் விருப்பத்தில் மிராபெல்லா சுமார் 45 சதவீதமும் மெக்கோவன் சுமார் 31 சதவீதமும் வாங்கினார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. அதனால் கடைசியில் இருந்த வேட்பாளர்களை ஒவ்வொருவராக நீக்கி, அந்தச் சீட்டுகளில் அடுத்த எண் யாருக்குப் போட்டிருக்கிறதோ அவருக்குச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்ததில் மெக்கோவன் முந்தினார். நம் நாட்டில் இந்த வசதி கிடையாது. இதைப் பின்னால் மறுபடி பேசுவோம்.

ஒரு தடவையோடு முடிந்ததா?

முடியவில்லை. 2016-இல் மிராபெல்லா மறுபடி நின்றார். இந்த முறை மெக்கோவன் இறுதி எண்ணிக்கையில் சுமார் 55 சதவீதம் பெற்றார். 2019-இல் அவர் ஓய்வு பெற்றார். "அவ்வளவுதான், இனி பழைய கட்சிக்கே போயிடும்" என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் ஊர்க்காரர்கள் மறுபடி கூடி ஹெலன் ஹெய்ன்ஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இவர் நர்ஸ், பிரசவம் பார்க்கும் செவிலியர். அவரும் ஜெயித்தார். 2022-லும் 2025-லும் மறுபடி ஜெயித்தார். ஒருவருடைய செல்வாக்கை மட்டும் நம்பியிருந்தால், அவர் விலகியதும் எல்லாம் கலைந்திருக்கும். இங்கே ஊரின் அமைப்பு நின்றது, ஆள் மாறினார்.

தனி எம்.பி. என்ன செய்ய முடியும் என்ற கேள்வி நியாயமானதுதான். அவரால் ஆட்சி அமைக்க முடியாது, மந்திரி ஆவதும் அரிது. ஆனால் எந்தக் கட்சித் தலைவரின் உத்தரவுக்கும் காத்திருக்காமல் தொகுதிக்காகப் பேசலாம். அரசாங்கத்தில் நடக்கும் ஊழலை விசாரிக்கத் தேசிய அளவில் தனி ஆணையம் வேண்டும் என்று ஹெலன் ஹெய்ன்ஸ் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா கொண்டு வந்து விடாமல் கேட்டு வந்தார். ஆட்சி மாறிய பின் 2022-இல் புதிய அரசு அதற்குச் சட்டம் நிறைவேற்றியது. 2023 ஜூலை 1 முதல் அந்த ஆணையம் வேலை செய்கிறது.

இண்டையைப் பார்த்துப் பல தொகுதிகளில் இதே போன்ற அமைப்புகள் தொடங்கின. 2019-இல் சாலி ஸ்டெகல் என்ற பெண் சுயேச்சை, முன்னாள் பிரதமர் டோனி அபாட்டையே தோற்கடித்தார். 2022-இல் மேலும் 6 பெண் சுயேச்சைகள் நகரத் தொகுதிகளில் லிபரல் கட்சியினரை வென்றார்கள்.

தோல்வியும் உண்டு, குறையும் உண்டு

இந்த முறையில் நின்ற எல்லோரும் ஜெயிக்கவில்லை. தோற்றவர்களே அதிகம். 2022-இல் ஜெயித்த ஸோயி டேனியல், 2025-இல் 175 ஓட்டில் தோற்றார். அதே தேர்தலில் நிக்கோலெட் போலே என்ற பெண் சுயேச்சை வெறும் 26 ஓட்டில் ஜெயித்தார். ஒரு ஓட்டுக்கு என்ன மதிப்பு என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு எண்களைச் சொல்லலாம்.

பணம் பற்றிய விமர்சனமும் உண்டு. 'கிளைமேட் 200' என்ற நிதி அமைப்பு பல சுயேச்சைகளுக்குப் பெரிய தொகை கொடுத்தது. "பேருக்குத்தான் சுயேச்சை, உள்ளுக்குள் இதுவும் ஒரு கட்சிதான்" என்று எதிர்த் தரப்பினர் சொன்னார்கள். சுயேச்சைகளோ, பணம் வாங்கினாலும் நாடாளுமன்றத்தில் எங்கள் ஓட்டை நாங்களேதான் முடிவு செய்கிறோம் என்றார்கள். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். பணம் எங்கிருந்து வருகிறது என்று வேட்பாளரைக் கேட்கும் உரிமை ஓட்டுப் போடுபவருக்கு எப்போதும் உண்டு.

நம்ம ஊருக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலும் ஊராட்சித் தலைவர் தேர்தலும் கட்சி அடிப்படையில் நடப்பதில்லை. கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலருக்குத்தான் கட்சிச் சின்னம். அதாவது வார்டுக்கும் தலைவருக்கும் நிற்கிற எல்லோருமே சட்டப்படி சுயேச்சை மாதிரிதான். அதிலும் 2016 முதல் உள்ளாட்சி இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. இண்டைப் பெண்கள் கட்சிகளை எதிர்த்துப் போராடிப் பெற்ற இடம், நமக்குச் சட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் நடப்பது என்ன? ஊரில் நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, "இந்தத் தடவை பெண்கள் வார்டு, அவன் பொண்டாட்டியை நிறுத்திடலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். ஜெயித்த பிறகு நாற்காலியில் அம்மா, பேனா வீட்டுக்காரர் கையில். சில ஊர்களில் பதவியை ஏலம் விடுகிறார்கள். 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலின்போது இந்த ஏலச் செய்திகள் வந்தன. மாநிலத் தேர்தல் ஆணையமும் எச்சரித்தது. கோயிலுக்குப் பணம் தருகிறார் என்று சொல்லி ஏலத்தை நியாயப்படுத்துவார்கள். ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார்? நம் தெருக் குழாயிலும் தெரு விளக்கிலும் நூறு நாள் வேலையிலும்தான்.

எனவே தேர்தல் எப்போது வந்தாலும், அறிவிப்புக்கு முன்பே செய்யக் கூடியவற்றைச் சொல்கிறோம்.

1. முதலில் கேளுங்கள். தெருவுக்கு ஒரு வீட்டில் பத்துப் பேர் உட்காருங்கள். மூன்றே கேள்வி போதும். நம் வார்டில் உடனே தீர வேண்டிய குறை எது? நம்மிடம் உள்ள பலம் எது? நல்ல மெம்பர் எப்படி இருக்க வேண்டும்? ஊர்த்தெரு, காலனி இரண்டிலும் நடக்க வேண்டும். குழுவில் இல்லாத பெண்களையும், ஆண்களையும், பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஒரே தெருவில் பேசிவிட்டு "ஊர் சொல்லுது" என்று சொன்னால் அதுவும் நாலு பேர் முடிவுதான்.

2. எழுதி வையுங்கள். எத்தனை கூட்டம், எத்தனை பேர், என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் ஏற்றுங்கள். கடைசியில் ஒரு பக்கத்துக்குச் சுருக்குங்கள். நிற்கிற எல்லா வேட்பாளரிடமும் அதைக் கொடுத்து, "இதில் எதைச் செய்வீங்க?" என்று கேளுங்கள்.

3. பிறகு ஆளைத் தேடுங்கள். வயது 21 முடிந்திருக்க வேண்டும், அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2019 தேர்தலில் டெபாசிட் தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கு 600 ரூபாய். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு இதில் பாதி. அடுத்த தேர்தலுக்கு எவ்வளவு என்பதை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள்.

4. ஒருவரை மட்டும் நிறுத்துங்கள். ஆஸ்திரேலியா போல இரண்டாவது விருப்பம் நமக்குக் கிடையாது. ஒரு வார்டில் 300 ஓட்டுப் பதிவானதாக வைத்துக் கொள்வோம். மூன்று நல்ல பெண்கள் நின்று 70, 65, 55 வாங்கினால் மொத்தம் 190. எதிரே நின்றவர் 110 வாங்கினாலே ஜெயித்துவிடுவார். 190 பேர் விரும்பாதவர் மெம்பர் ஆவார். யார் நிற்பது என்பதை வேட்புமனுவுக்கு முன்பே பேசி முடியுங்கள். ஆனால் யாரையும் மிரட்டியோ விலை பேசியோ விலக்கக் கூடாது. நிற்பது ஒவ்வொருவரின் உரிமை.

5. ஜெயித்த பின்பும் விடாதீர்கள். வருடத்துக்கு 6 கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கத்தை ஒவ்வொரு கிராம சபைக்கும் எடுத்துப் போங்கள். எது முடிந்தது, எது முடியவில்லை என்று கேளுங்கள். பெண் மெம்பரை எழுந்து பேசச் சொல்லுங்கள், வீட்டுக்காரரை உட்காரச் சொல்லுங்கள்.

குழு உடையாமல் பார்த்துக் கொள்ளுங்கள்

இது மிக முக்கியம். குழுவின் சேமிப்பும் உள்கடனும் தேர்தலுக்குள் வரக் கூடாது. குழுப் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் பிரச்சாரத்துக்கு எடுக்காதீர்கள். "இவளுக்கு ஓட்டுப் போட்டால்தான் கடன்" என்ற பேச்சு வந்தால் அன்றோடு அந்தக் குழுவின் நம்பிக்கை போய்விடும். ஒரே குழுவில் இருவர் எதிரெதிராக நின்றாலும், குழுக் கூட்டத்தில் இருவரும் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். ஓட்டு அவரவர் உரிமை. அது ரகசியம். எங்கள் நிறுவனமும் கூட்டமைப்பும் எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை. மக்கள் கேள்வி கேட்க வேண்டும் என்பதை மட்டுமே ஆதரிக்கிறோம்.

பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, வரிசையாகப் பேசி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது நமக்குப் புதிது இல்லை. வாரா வாரம் செய்கிறோம். இண்டைக்காரர்கள் அந்தப் பழக்கத்தை முதலிலிருந்து கற்றுக் கொள்ள வேண்டியிருந்தது. நமக்கு அது ஏற்கெனவே கைவந்த வேலை. பேசும் விஷயத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் கீழே உள்ள கேள்விகளைப் பேசுங்கள். உங்கள் குழு என்ன சொன்னது என்பதைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எழுதிக் கொண்டு வாருங்கள்.

பேசுவதற்கு:
• போன தேர்தலில் நம் வார்டு வேட்பாளரை யார் முடிவு செய்தார்கள்? நம்மை யாராவது கேட்டார்களா?
• நம் வார்டு மெம்பரின் பெயர் எல்லோருக்கும் தெரியுமா? கடைசியாகக் கிராம சபையில் அவர் என்ன பேசினார்?
• முதல் திண்ணைப் பேச்சை யார் வீட்டில், எந்தத் தேதியில் வைக்கலாம்?